தங்கும் வெந்நீர்: சேலம், நாமக்கல் சீமையில் குளியல் தொட்டியைக் காக்கும் முறை

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் அடியில் விரிந்து, மேற்கே காவிரிக் கரை வரை மெல்லச் சரிந்து செல்லும் சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்த ஒருவர் தம் ஆயுளில் எத்தனை விதமாக நீராடியிருந்தாலும், அந்த ஸ்நானங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு. அவர் மேனியைத் தொட்ட நீர் மறுபடியும் அவரிடம் திரும்பி வந்ததில்லை. ஆடிப்பெருக்கன்று மோகனூரிலோ பரமத்தி வேலூரிலோ காவிரியில் முழுகி எழுந்தால், தலை துவட்டி முடிப்பதற்குள் அந்த நீர் கண்ணுக்கு மறைந்து கிழக்கே போய்விடுகிறது. தோட்டத்து மோட்டார்க் கொட்டகையின் முன்னே கட்டியிருக்கும் தொட்டியில், குழாய் நீர் முதுகில் விழ அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாலும், அது வாய்க்கால் வழியே மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் பாய்ந்துவிடுகிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்ட சனிக்கிழமையில் அண்டாவில் காய்ச்சிய வெந்நீரைச் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டால், அதுவும் சீயக்காயோடு சேர்ந்து புழக்கடை வாழைக்கே போய்ச் சேர்கிறது. ஓடும் நீர் தன் அழுக்கைத் தானே சுமந்து சென்றுவிடுவதால், குளித்த நீரைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியமே நம் முன்னோருக்கு ஏற்படவில்லை.

அந்த அவசியம் இப்போது ஏற்பட்டிருக்கிறது. ஏற்காட்டு விடுதிகளில் வெந்நீர்த் தொட்டியின் சுகத்தை அனுபவித்தவர்கள் சிலர் தங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் பண்ணை வீட்டு முற்றத்திலும் 'ஜக்குஸி' என்று பொதுவாக அழைக்கப்படும் ஹாட் டப்பை அமைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். அதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. ஆயுள் முழுவதும் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தோ, தறிக்குழியில் குனிந்தோ முதுகும் முழங்காலும் தேய்ந்துபோனவர்கள் நிறைந்த ஊர்கள் இவை. உடல் அமிழ்ந்த வெந்நீர் மூட்டுகளின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் கிடைக்கும் நிவாரணம் உண்மையானது. அந்தப் பெயருக்குரிய ஜக்குஸி சகோதரர்களும் இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறி, விவசாயக் கிணறுகளுக்குப் பம்பு செய்து விற்றவர்களே என்பது நம் கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி. அவர்களில் கேண்டிடோ என்பவரின் மகனைச் சிறு வயதிலேயே வாதநோய் பீடித்தது. ஆஸ்பத்திரியில் அளித்த நீர்ச் சிகிச்சையை அவன் வீட்டிலேயே பெறும்பொருட்டு, சாதாரணக் குளியல் தொட்டிக்குள் வைத்து நீரைச் சுழற்றும் சிறு பம்பு ஒன்றைத் தந்தை செய்தார்; அது 1956-இல் விற்பனைக்கு வந்தது. பிள்ளையின் வலியைத் தணிக்கப் பிறந்த சாதனத்தைக் குறை கூற என்ன இருக்கிறது?

ஆனால் அந்தச் சாதனம் நம் ஸ்நான வழக்கத்தையே தலைகீழாக்கிவிடுகிறது என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். நேற்று குளித்த நீரிலேயே இன்றும் இறங்கி, நாளையும் இறங்குவதற்காக அதை மூடி வைக்கிறோம். ஆற்றின் ஓட்டம் இதுவரை நமக்காகச் செய்துவந்த வேலை முழுவதையும் இனி வீட்டுக்காரரே செய்தாக வேண்டும். தேங்கிய நீரில் நீராடும் வழக்கம் நம்மிடம் கோயில் குளங்களில் இருந்தது. நாமக்கல் கோட்டைப் பாறையின் அடியில் உள்ள கமலாலயக் குளம் அதற்கு அருகிலேயே உள்ள சாட்சி. அத்தகைய குளங்களில் நீரின் பரப்பு பெரிது, குளிர்ச்சி உண்டு, மழை நீரைப் புதுப்பிக்கும், மீன்கள் புழுக்களை உண்ணும். ஆயிரத்து இருநூறு லிட்டர் கொள்ளும் வீட்டுத் தொட்டியில் நாலு பேர் இறங்கினால், ஒருவருக்கு முந்நூறு லிட்டர்கூட மிஞ்சாது. அதுவும் நாற்பது டிகிரி உஷ்ணத்தில். பெரிய நீச்சல் குளத்தில் பல நாளில் சேரும் வியர்வையும் எண்ணெயும் தோல் துகளும் இங்கே ஒரே மாலையில் சேர்ந்துவிடுகின்றன.

பாறையின் சாரம்

தொட்டி விற்பவர்கள் கொடுக்கும் கையேடுகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவற்றைத் தழுவியவை. அங்கே பல ஊர்களில் குழாயில் வருவது மென்மையான நீர். ஆகையால் கால்சியம் சேருங்கள், சோடா உப்புச் சேருங்கள் என்று அந்த நூல்கள் முதல் பக்கத்திலேயே உபதேசிக்கின்றன. அதை அப்படியே நம் சீமையில் கடைப்பிடிப்பவர் முதல் நாளிலேயே தம் தொட்டியைக் கெடுத்துக்கொள்வார். ஏனெனில் நம் நீரில் அந்த இரண்டும் தேவைக்குமேல் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் பிரதான விஷயம் இதுவே.

காரணம் நிலத்துக்குள் இருக்கிறது. இந்தச் சமவெளியின் அடியில் இருப்பது மண்ணும் மணலும் கலந்த நீர்ப்படுகை அன்று. சார்னோகைட், நைஸ் என்னும் கடும்பாறைகள். சேலம் நகருக்கும் ஏற்காட்டு மலைக்கும் இடையில் வெள்ளை வெளேரென்று தெரியும் கரடுகளை வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று அழைத்தார்கள். அங்கே வெட்டி எடுக்கப்படும் வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். சங்ககிரிப் பக்கத்தில் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது காற்றிலும் வேர்களிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, சிறிது அமிலத் தன்மை பெற்று, இந்தப் பாறைகளின் வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பைகார்பனேட்டுகளாகக் கரைத்துக்கொள்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் சென்று துளையிடுகின்றன. அவற்றின் சொந்தச் சீமையிலேயே நீர் மேலும் மேலும் கீழே போய்விட்டபடியால், ஆயிரம் அடிக்குக் கீழேயும் துளையிட்டு நீர் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஆழத்தில் பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீரே நம் தரைத்தொட்டியில் வந்து விழுகிறது.

இதை நம் பெண்மக்கள் பரிசோதனைச் சாலைக்குப் போகாமலே அறிந்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குடங்களைப் பிரித்து வைத்து, பருப்பு வேகாத நீர் எது, சோப்பு நுரைக்காத நீர் எது என்று அவர்கள் கண்டுகொண்ட ஞானம் ரசாயன சாஸ்திரத்துக்கு முற்றிலும் உடன்பாடானது. சோப்பு கால்சியத்தோடு கூடிப் பிசுக்காகத் திரிந்துவிடுகிறது. சீயக்காயின் நுரை அப்படித் திரிவதில்லை என்பதால் உப்புத் தண்ணீர் ஊர்களிலும் அது தலையை நன்றாகவே சுத்தம் செய்தது. குழாய் முனையில் பூக்கும் வெள்ளை உப்பும், இரண்டே வருஷத்தில் வேலை செய்யாமல் போகும் கீசர்க் காயிலும் சொல்லும் செய்தியும் இதுவே.

வெந்நீர்த் தொட்டியில் இந்த உப்பு படிவதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. பெரும்பாலான உப்புகள் சூட்டில் அதிகமாகக் கரையும்; கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் கரைவது குறைந்து, வெளியே படிய முற்படுகிறது. ஜெட் துவாரங்கள் வழியே காற்று நுரைத்துக் கலக்கும்போது நீரிலுள்ள கரியமில வாயு பறந்துவிடுவதால் நீரின் காரநிலை, அதாவது பி.எச்., தானாகவே ஏறுகிறது. மூன்றாவதாக, நம் சித்திரை வைகாசி வெயிலில் நாள்தோறும் ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது, குறைந்த நீரை நிரப்ப மறுபடி போர்த் தண்ணீரை விட்டால் மேலும் உப்புச் சேருகிறது. இப்படிப் படிந்தது ஹீட்டரின் மேல் ஓடாகி, வடிகட்டியை அடைத்து, சுவரில் சொரசொரப்பாகி, அந்தச் சொரசொரப்பின் இடுக்கில் கிருமிகள் குடியேற இடம் தருகிறது. நீர் எந்த நிலையில் உப்பைப் படியவிடும், எந்த நிலையில் குழாயின் உலோகத்தையே அரிக்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் சூத்திரத்தைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்லியர் 1936-இல் வெளியிட்டார். இன்றைக்கும் தொட்டி நீரின் சமநிலை என்று பேசப்படுவதெல்லாம் அந்தக் கணக்கின் வழி வந்ததே.

மூன்று அளவுகள்

அந்தச் சமநிலையை வீட்டில் காப்பதற்கு மூன்று அளவுகளை அறிந்தால் போதும்: கால்சியக் கடினத்தன்மை, காரத்தன்மை, பி.எச். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கடினத்தன்மை 150 முதல் 250 வரையும், காரத்தன்மை 80 முதல் 120 வரையும், பி.எச். 7.2 முதல் 7.8 வரையும் இருப்பது வெந்நீர்த் தொட்டிக்கு உகந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், அதாவது ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கும் காரத்தன்மைக்கும் 200 என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை சகித்துக்கொள்ளத்தக்கதாகவும் விதித்திருக்கிறது. ஆகவே குடிப்பதற்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நீர்கூட வெந்நீர்த் தொட்டிக்குப் பொருந்தாமல் இருக்கலாம் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். சேலம் பகுதியில் மக்னீசியத்தின் பங்கும் அதிகமாக இருக்கக்கூடும் ஆதலால், மொத்தக் கடினத்தன்மையோடு கால்சியத்தைத் தனியே அளந்து பார்ப்பது நலம். டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை நீரில் தோய்த்துப் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. கரைந்திருக்கும் உப்பின் மொத்தத்தை அது உத்தேசமாகக் காட்டுமே தவிர, எந்த உப்பு என்பதை அது சொல்லாது.

காரத்தன்மைக்கும் பி.எச்.சுக்கும் உள்ள உறவில்தான் அநேகர் தடுமாறுகிறார்கள். கயிற்றில் கட்டி மேயவிட்ட மாட்டுக்கு முளைக்குச்சி எப்படியோ, அப்படியே பி.எச்.சுக்குக் காரத்தன்மை; குச்சி உறுதியாக இல்லாவிட்டால் மாடு தறிகெட்டு ஓடும், குச்சியைத் தவறான இடத்தில் ஆழமாக அறைந்துவிட்டாலோ எவ்வளவு இழுத்தாலும் மாடு அந்த இடத்துக்கே திரும்பும். நம் போர்த் தண்ணீரில் குச்சி அறையப்பட்டிருக்கும் இடம் எட்டுக்கு மேலே. ஆகவே காலையில் ஒரு மூடி ஆசிட் விட்டு பி.எச்.சை இறக்கினால், மாலையில் ஜெட் ஓடியதும் அது மீண்டும் ஏறிவிடுகிறது. மறுநாள் மறுபடியும் ஆசிட். அடிப்படையான காரத்தன்மையைக் குறைக்காமல் பி.எச்.சைத் துரத்துவதில் பயன் இல்லை.

குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அமிலம். 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுமார் 190 மில்லிலிட்டர், ஆயிரம் லிட்டர் நீரின் காரத்தன்மையை லிட்டருக்கு 100 மில்லிகிராம் குறைக்கும். இந்த அளவை ஒரே தடவையில் கொட்டாமல், சிறு சிறு பங்காக, வாளி நீரில் அமிலத்தை ஊற்றிக் கலந்து, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டியில் சேர்த்து, அளந்து பார்த்து, மறுபடி சேர்க்க வேண்டும். அமிலத்தின் மேல் நீரை ஊற்றுவது ஆபத்து. பி.எச். அளவுக்கு மீறி இறங்கினால் சோடா சேர்க்க அவசரப்பட வேண்டாம்; மூடியைத் திறந்து வைத்துக் காற்றோடு ஜெட்டை ஓடவிட்டால் பி.எச். மட்டும் ஏறும், காரத்தன்மை குறைந்தபடியே நிற்கும். ஆனால் அமிலம் கால்சியத்தைத் தொடுவதில்லை என்பதை மறக்கக் கூடாது.

மற்றொரு வழியை நான் இதைவிடச் சிறந்ததாகக் கருதுகிறேன், அது மழைநீர். மழைநீரில் கடினத்தன்மையும் காரத்தன்மையும் ஏறக்குறைய இல்லை. கடினத்தன்மை 600-ம் காரத்தன்மை 360-ம் உள்ள போர்த் தண்ணீர் ஒரு பங்குக்குச் சுத்தமான மழைநீர் இரண்டு பங்கு கலந்தால், முறையே 200, 120 என்று வந்து நிற்கிறது. எந்த ரசாயனமும் செலவழியாமல் நீர் சமநிலைக்கு வந்துவிட்டது. நூறு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கான்கிரீட் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் விழுகிறது; முதலில் வழியும் அழுக்கு நீரைக் கழித்தாலும் ஐப்பசி கார்த்திகையின் ஒரு நல்ல மழை ஒரு தொட்டிக்குத் தாராளமாகப் போதும். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அப்போது பொருத்திய குழாய்கள் பல வீடுகளில் உடைந்தும் அடைந்தும் கிடப்பதைப் பார்க்கும்போது உண்மையாகவே மனம் வருந்துகிறது. மழைநீர் மட்டுமே நிரப்பினால் அது உலோகத்தை அரிக்கும் என்பதால், கலந்து வைப்பதே முறை. மழை இல்லாத மாதங்களில் மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர், பொதுவாகப் போர்த் தண்ணீரைவிட மென்மையானது. ஆயினும் குடிநீருக்குக் காத்திருக்கும் தெருவில் அதைத் தொட்டிக்குத் திருப்புவது தர்மம் ஆகாது.

உப்பை மாற்றும் சாஃப்ட்னர் இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கும், ஓடு படியாது. ஆனால் காரத்தன்மை கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருக்கிறது, ஆகவே பி.எச். தொல்லை நீங்குவதில்லை. மேலும் அதைக் கழுவிவிடும் உப்புநீர் தோட்டத்து மண்ணை இறுகச் செய்து பயிரைக் கெடுக்கும்.

தெளிவும் சுத்தமும்

நீர் பளிங்குபோல் தெளிந்திருப்பதைக் கண்டு அதில் இறங்கிவிடுவது நம் இயல்பு. ஓடும் நீருக்கு அந்த நம்பிக்கை ஓரளவு பொருந்தும். தங்கும் வெந்நீருக்குப் பொருந்தவே பொருந்தாது. இருபத்தைந்து முதல் நாற்பத்தைந்து டிகிரி வரையுள்ள உஷ்ணம் லெஜியோனெல்லா என்னும் கிருமி விருத்தியாவதற்கு மிகவும் அனுகூலமானது. 1976-இல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகர ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவி உயிர்களை வாங்கியதால் அந்தப் பெயர் அதற்கு ஏற்பட்டது. வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய சம்பவம் 1999-இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் நடந்தது. ஒரு மலர்க் கண்காட்சியில் விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்த வெந்நீர்த் தொட்டியின் நீர்த்திவலையைச் சுவாசித்தவர்களில் சுமார் 190 பேர் நிமோனியாவில் படுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் தொட்டியில் குளிக்கக்கூட இல்லை, அதன் அருகே நடந்து போனவர்கள். முதியோரும் புகைபிடிப்போரும் நுரையீரல் நலிந்தவர்களும் இதற்கு எளிதில் இரையாகிறார்கள்; மூட்டுவலிக்காக வெந்நீரை நாடுபவர்களும் பெரும்பாலும் முதியவர்களே என்பதை நினைத்தால், தொட்டியைக் கவனியாமல் விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது விளங்கும்.

சூடோமோனாஸ் என்னும் மற்றொரு கிருமி பொதுவாக உயிருக்கு உலை வைப்பதில்லை எனினும், குளித்த ஓரிரு நாளில் மயிர்க்கால்கள்தோறும் சிவந்த கொப்புளங்களை எழுப்பும். கேரளத்தில் 2024-லும் 2025-லும் பலருக்குக் கண்ட அமீபா மூளைக்காய்ச்சல், வெதுவெதுப்பான நன்னீர் மூக்கின் வழியே ஏறுவதால் வருவது. ஆகவே கிருமிநாசினி மருந்து இடாத நீரில் பிள்ளைகள் தலையை முக்கி விளையாட விடக் கூடாது.

இவை அனைத்துக்கும் வேலி குளோரின். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீருக்கு இடைவிடாமல் குளோரின் கலக்கத் தொடங்கிய பிறகு உலகமெங்கும் பரவிய இந்த முறை நம் சீமைக்குப் புதியதன்று. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்து, அதன் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் திட்டமிட்ட காலத்திலேயே, சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரிகின்றன. அந்தத் தொழில் அணையின் நிழலில் வளர்ந்தது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் டேங்க் ஆபரேட்டர் ஏறிக் கலக்கும் ப்ளீச்சிங் பவுடரின் மணம் நம் கிராமத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த மணம்.

ஆயினும் அந்தப் பவுடர் வீட்டு வெந்நீர்த் தொட்டிக்கு உகந்ததன்று. புதியதாக இருக்கும்போது அதில் நூற்றுக்கு முப்பத்துமூன்று பங்கு வரை பயன்படும் குளோரின் உண்டு. டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரத்திலும் சூட்டிலும் அந்த வீரியம் நாளுக்கு நாள் தேய்கிறது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு. நம் நீரில் எது அதிகமோ அதையே அது மேலும் கூட்டுகிறது. திரவமாகக் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டே நமக்கு ஏற்றது. வெந்நீர்த் தொட்டியில் எந்த நேரமும் லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் குறையாத குளோரின் கட்டின்றி நிற்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. சாதாரண நீச்சல் குளத்துக்கு ஒன்றே போதும். ஆயிரத்து இருநூறு லிட்டர் தொட்டிக்கு அந்த மூன்றைக் கொண்டுவரப் பத்துச் சதவீதத் திரவத்தில் சுமார் 36 மில்லிலிட்டர் வேண்டும். நாலு பேர் குளித்து எழுந்த பிறகு, அவர்கள் விட்டுச்சென்ற அழுக்கு அதைத் தின்றுவிடுமாதலால், இன்னும் அதிகம் வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதைச் சோதனைத் தாளே சொல்லும்.

இங்கே பி.எச். என்னும் காரநிலைக்கும் சுத்தத்துக்கும் உள்ள நெருங்கிய சம்பந்தம் வெளிப்படுகிறது. நீரில் கலந்த குளோரின் இரண்டு உருவங்களில் நிற்கும். கிருமியை விரைந்து கொல்லும் உருவம் ஒன்று, மந்தமான உருவம் மற்றொன்று. பி.எச். 7.5-இல் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி; எட்டில் வீரியமுள்ள உருவம் கால் பங்காகச் சுருங்குகிறது; எட்டரையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. காரநிலையைக் கவனியாமல் குளோரினை மட்டும் கொட்டுபவர், அளவில் நிறைவும் பலனில் குறைவுமாக ஏமாந்துபோகிறார். அதோடு, கண்ணைக் கரிக்கும் காரமான நெடியை வைத்து மருந்து அதிகமாகிவிட்டது என்று எண்ணி நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அந்த நெடி வியர்வையோடும் சிறுநீரோடும் கூடிக் கெட்டுப்போன குளோரினின் நெடி. அப்போது தேவை இன்னும் கூடுதலான மருந்தும், மூடியைத் திறந்துவைத்தலுமே.

வெயிலில் வைத்த தொட்டியில் குளோரின் சில மணி நேரத்தில் அழிந்துவிடும். அதைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் கலந்த டைகுளோர், ட்ரைகுளோர் என்ற மாத்திரைகளும் பொடிகளும் விற்கிறார்கள். அவற்றைத் தினமும் இட்டால் அந்த அமிலம் மட்டும் கழியாமல் சேர்ந்து சேர்ந்து, சில வாரங்களில் குளோரினின் கையையே கட்டிப்போட்டுவிடும். நல்ல மூடி ஒன்றை வாங்குவது அதைவிட உத்தமம். எந்த நிலையிலும் ஆசிட்டையும் குளோரின் மருந்தையும் ஒரே அலமாரியில் அடுக்காதீர்கள், ஒரே கரண்டியால் அளக்காதீர்கள், ஒன்றன்மேல் ஒன்று ஊற்றாதீர்கள். கிளம்பும் வாயு மூடிய அறையில் ஆளைக் கொல்ல வல்லது. ட்ரைகுளோரையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் தீயே பற்றும்.

இறங்குமுன்னும் இறக்கிய பின்னும்

மருந்தைக் குறைக்க விரும்புகிறவர்கள் அழுக்கைக் குறைக்க வேண்டும். தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீரை நாடுவது நம் மரபு. அந்த உடம்போடு இந்தத் தொட்டியில் இறங்கக் கூடாது. எண்ணெய் முழுவதும் சீயக்காயால் போகக் குளித்து, மஞ்சளும் சந்தனமும் நீங்கக் கழுவி, சோப்பு நுரை ஒட்டாத துணியுடன் இறங்கினால் மருந்துச் செலவு வெகுவாகக் குறையும். நீர் நாற்பது டிகிரிக்கு மேல் சூடாக வேண்டாம். கர்ப்பிணிகளும் இருதய நோயாளிகளும் வைத்தியரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். காகிதச் சுருள் போன்ற வடிகட்டியை வாரந்தோறும் கழற்றி நன்றாக அலசுங்கள்; ஓடு படிந்தால் நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, அமிலம் முற்றும் நீங்கக் கழுவிய பிறகே திரும்பப் பொருத்துங்கள்.

எவ்வளவு பாதுகாத்தாலும் நீருக்கும் ஓர் ஆயுள் உண்டு. தொட்டியின் லிட்டர் அளவைப் பதினொன்றால் வகுத்து, வந்ததைத் தினமும் குளிப்பவர் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால், எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்பது உத்தேசமாகக் கிடைக்கும். ஆயிரத்து இருநூறு லிட்டரில் தினம் நாலு பேர் குளித்தால் இருபத்தேழு நாள். பழைய நீரை இறக்குவதற்கு முன் குளோரினைக் கூட்டி ஜெட்டைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாய்களின் உட்புறத்தில் படிந்த வழவழப்பையும் வெளியேற்றிவிட வேண்டும். பழைய நீரில் உள்ள கிருமிகள் புதிய நீருக்குக் குடிமாறுவது அந்த வழவழப்பின் வழியாகத்தான்.

இறக்கிய நீரைச் சாக்கடையில் விட இந்த வறண்ட சீமையில் நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். சேலம் நகரின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறு சாயக் கழிவும் சாக்கடையும் சுமந்து பட்ட பாடு போதும். அதன் தலையில் இதையும் ஏற்ற வேண்டாம். மருந்து இடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து நாலைந்து நாள் வெயிலில் விட்டு, சோதனைத் தாளில் குளோரின் இல்லை என்று கண்ட பிறகு தென்னைக்கு விடலாம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். சின்ன வெங்காயப் பாத்திக்கும் கீரைக்கும் வேண்டாம். கிணற்றை ஒட்டியும் விட வேண்டாம்.

வாரத்துக்கு இரண்டு முறையாவது சோதனைத் தாளை நனைத்துப் பார்க்கவும், பத்து நாள் வெளியூர் போகும்போது தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போகவும் பொறுமை இல்லாதவர்கள், இந்தச் சாதனத்தை வாங்காமலிருப்பதே அவர்களுக்கும் அவர்கள் வீட்டு முதியோருக்கும் நல்லது. அவர்களுக்கு அன்றாடம் வாளியில் மொண்டு ஊற்றும் வெந்நீரே சௌக்கியம். வாங்கத் தீர்மானித்தவர்களோ, தொட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, தங்கள் கிணற்று நீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய், மாவட்டத் தலைநகரில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திக் கொடுங்கள். கால்சியம் எவ்வளவு, காரத்தன்மை எவ்வளவு, பி.எச். எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தாளைத் தொட்டி விற்பவரின் முன் வைத்துப் பேசத் தொடங்குங்கள்.